கொழிஞ்சாம்பாறை வெயிலில் 300 ரூபாய் ப்ரைமர்

முதலிலேயே சொல்லிவிடுகிறேன், இந்த ப்ரைமர், அதாவது ஃபவுண்டேஷனுக்கு முன்னால் முகத்தில் பூசும் ஜெல், முகத்தில் வழியும் எண்ணெயை நிறுத்தாது. நிறுத்தும் என்று டியூபில் போட்டிருக்கிறான், 12 மணி நேரம் மேட் லுக் (பளபளப்பே இல்லாத முகம்) என்றும் போட்டிருக்கிறான். அதை நம்பி வாங்கினால் மதியத்துக்குள் கடுப்பாகிவிடும். ஆனாலும் டியூப் இன்னும் என் கைப்பையில்தான் கிடக்கிறது, ஏனென்றால் அட்டையில் பெரிதாகச் சொல்லாத இன்னொரு வேலையை அது ஒழுங்காகச் செய்கிறது.

என் முகத்தைப் பற்றிக் கொஞ்சம் சொன்னால்தான் மற்றது புரியும். மூக்கும் நெற்றியும் எண்ணெய், கன்னம் சாதாரணம். காலையில் முகம் கழுவி பஸ் ஏறினால் சித்தூர் வருவதற்குள் மூக்கு பளபளக்க ஆரம்பிக்கும் (ஆந்திரா சித்தூர் இல்லை, நம்ம பாலக்காட்டுச் சித்தூர்), பாலக்காட்டில் இறங்கும்போது நெற்றியும் சேர்ந்துகொள்ளும். வேலை துணிக்கடை பில்லிங் கவுண்டரில், பளிச்சென்று வரவேண்டும் என்பது அங்கே எழுதாத சட்டம். மார்ச் ஏப்ரலில் இங்கே வெயில் 40 டிகிரியைத் தொடும், மார்கழி தையில் பாலக்காட்டுக் கணவாய் வழியாக வரும் காய்ந்த காற்றில் அதே முகத்தில் கன்னம் மட்டும் தோல் உரியும். கேரளா என்றால் எப்போதும் மழையும் ஈரமும் என்று நினைக்கிறவர்கள் எங்கள் பக்கம் ஒரு மே மாதம் வந்து பார்க்கலாம்.

வாங்கியது பஸ் ஸ்டாண்ட் பக்கத்து ஃபேன்சி ஸ்டோரில். கடைச் சேச்சி, "இது இட்டா எண்ணெயே வராது மோளே, எல்லாரும் இதான் கொண்டு போறது" என்றார். சேச்சி எல்லாப் பொருளுக்கும் இதையேதான் சொல்வார், அது வேறு விஷயம். கம்பெனி பெயரை எழுதப் போவதில்லை, காரணம் இதே மாதிரி லேசான ரோஸ் நிற ஜெல், கூர் மூக்கு டியூப், 300 ரூபாய்க்குள் விலை என்று நாலைந்து கம்பெனிகள் விற்கின்றன, பின்பக்கப் பட்டியலைப் படித்தால் முதல் இரண்டு வரி எல்லாவற்றிலும் கிட்டத்தட்ட ஒன்றுதான். டைமெத்திகோன், அதன் கிராஸ்பாலிமர், சைக்ளோபென்டாசிலாக்ஸேன், இந்த மூன்றும் சிலிகோன் வகை, அப்புறம் கொஞ்சம் சிலிகா தூள். நீங்கள் எதை வாங்கினாலும் கீழே எழுதுவது பெரும்பாலும் பொருந்தும்.

டெஸ்டர் கேட்டால் கொடுப்பார்கள், வெட்கப்படாமல் கேளுங்கள். பட்டாணியில் பாதி அளவு கையின் பின்புறம் வைத்துத் தேய்த்தேன். முதலில் வழவழவென்று ஓடுகிறது, எண்ணெய் மாதிரிதான் இருக்கிறதே என்று தோன்றும், ஒரு நிமிடம் போனதும் அந்த ஈரம் மாயமாகி விரல் பவுடரில் போவது போல் நழுவும். அந்த ஈரம் சைக்ளோபென்டாசிலாக்ஸேன், அது ஆவியாகிப் போய்விடும், தோலில் தங்குவது டைமெத்திகோன் படலமும் சிலிகா தூளும்தான். கையில் உள்ள மெல்லிய கோடுகள் நிரம்பி, தோல் மழமழவென்று தெரிந்தது. விலையில் பாதி அந்த ஒரு நிமிட மயக்கத்துக்குத்தான்.

சரி, முகத்தில். பாதி முகத்துக்கு மட்டும் போட்டுப் பார்த்தேன், இடது பக்கம் ப்ரைமர், வலது பக்கம் ஒன்றும் இல்லை, இரண்டு பக்கமும் ஒரே சன்ஸ்கிரீன், ஒரே ஃபவுண்டேஷன், ஒரே காம்பாக்ட். கடைக்குள் ஏசி, ஆனால் சாப்பாட்டு நேரத்தில் வெளியே வந்தால் வெயில் மண்டையைப் பிளக்கும், ஆகவே சோதனை நியாயமானதுதான். மதியம் பாத்ரூம் கண்ணாடியில் பார்த்தபோது மூக்கின் மேல் மினுமினுப்பு இரண்டு பக்கமும் ஒன்றுதான், தம்மாத்துண்டு வித்தியாசம்கூட இல்லை. நெற்றியில் இடது பக்கம் கொஞ்சம் தேவலை. ஆனால் மூக்கு மடிப்பில் கதை வேறு. வலது பக்கம் ஃபவுண்டேஷன் எண்ணெயில் கரைந்து, மூக்கோரக் குழிகள் ஒவ்வொன்றிலும் போய்ப் புள்ளிபுள்ளியாக உட்கார்ந்திருந்தது, கிட்டே நின்று பேசுகிறவருக்கு எண்ணிச் சொல்லலாம். இடது பக்கம் பளபளப்புக்குக் கீழே பூச்சு அப்படியே இருந்தது. டிஷ்யூவை வைத்து அழுத்தி எடுத்தேன், இடது பக்கம் எண்ணெய் மட்டும் வந்தது, வலது பக்கம் ஃபவுண்டேஷனும் சேர்ந்து வந்தது. டிஷ்யூவில் அந்தப் பழுப்புக் கறையைப் பார்த்தபோதுதான் எனக்கு இந்தச் சாமானின் அருமை தெரிந்தது.

இதில் ஆச்சரியப்பட ஒன்றுமில்லை. எண்ணெய் வருவது தோலுக்குள் இருக்கும் சுரப்பியிலிருந்து, அதை முடுக்கிவிடுவது ஹார்மோன், மேலே ஒரு சிலிகோன் படலம் போட்டதால் சுரப்பி வேலையை நிறுத்திவிடாது. வந்த எண்ணெயைக் கொஞ்சம் உறிஞ்சுவது சிலிகா, அது நிரம்பியதும் அதன் வேலையும் முடிந்தது. இந்த விலை டியூப்களில் சிலிகா கொஞ்சம்தான் இருக்கிறது. அமெரிக்காவில் தொடை உரசலுக்கு மருந்துக் கடையில் விற்கும் மோனிஸ்டாட் ஜெல்லை ஒரு காலத்தில் பெண்கள் ப்ரைமராக முகத்தில் போட்டார்கள், அதிலும் விஷயம் இதே டைமெத்திகோன்தான். விலை கூடிய பாட்டிலில் வேறு ஏதோ மந்திரம் இருக்கிறது என்று நினைக்கிறவர்களுக்காக இதைச் சொல்கிறேன்.

குறைகளும் உண்டு. கன்னத்துக்கும் சேர்த்து இழுத்தால், உரிந்த தோல் இருக்கும் காற்று மாதங்களில் அது இன்னும் எடுப்பாகத் தெரியும், ஆகவே மூக்கு, மூக்கோரம், நெற்றி நடு, தாடை, அவ்வளவோடு நிறுத்திக்கொள்ளுங்கள். அளவு கூடினாலோ, சன்ஸ்கிரீன் காய்வதற்குள் போட்டாலோ, மேலே ஃபவுண்டேஷன் வைக்கும்போது திரள்திரளாக உருண்டு வரும். தேய்க்காமல் ஒற்றி ஒற்றி வையுங்கள். ஃபவுண்டேஷனின் பட்டியலையும் பாருங்கள், முதல் சில பெயர்களில் மெத்திகோன், சிலாக்ஸேன் என்று முடிகிற ஒன்று இருந்தால் இரண்டும் ஒத்துப்போகும், வெறும் தண்ணீர் சரக்கு என்றால் பிரிந்து திட்டுத்திட்டாக நிற்க வாய்ப்பு அதிகம். வாசனை வேறு தூக்கலாகப் போட்டிருக்கிறார்கள், முகத்துக்கு எதற்கு சென்ட் என்று எனக்குப் புரிவதில்லை.

கல்யாணத்துக்குப் போடலாமா என்று கேட்பவர்களுக்கு: தாராளமாக, ஆனால் மேலே எந்தப் பவுடர் என்பதில் கவனம். பொள்ளாச்சியில் ஒரு முகூர்த்தத்துக்கு சித்தி மகள் இதே ப்ரைமரைப் போட்டு, அதன் மேல் வெள்ளையான ஹெச்டி பவுடரை அள்ளிப் பூசியிருந்தாள், நேரில் அழகாகத்தான் இருந்தாள். ஃபோட்டோவில் ஃப்ளாஷ் பட்டு மூக்கும் கண்ணுக்குக் கீழேயும் வெளுத்துப் போனது, "ஏன் கண்ணு, திருநீறு பூசுன மாதிரி இருக்குது?" என்று பெரியம்மா ஆல்பத்தைப் புரட்டப் புரட்டக் கேட்டுக்கொண்டே இருந்தார். சிலிகா மட்டுமே உள்ள வெள்ளைப் பவுடர் ஃப்ளாஷில் அப்படித்தான் செய்யும், பழி ப்ரைமருக்கு இல்லை. நம் நிறத்துக்கு நிறமுள்ள காம்பாக்ட்தான் சரி.

சைக்ளோபென்டாசிலாக்ஸேனை ஐரோப்பாவில் தடை செய்துவிட்டார்களாமே என்று வாட்ஸ்அப்பில் சுற்றுகிறது. கழுவிவிடும் பொருட்களில் அது 0.1 சதவீதத்துக்கு மேல் கூடாது என்று 2020 முதல் அங்கே விதி இருக்கிறது, காரணம் முகம் அல்ல, தண்ணீரில் போய்ச் சேர்ந்தால் லேசில் அழியாமல் தங்கிவிடும் என்பதுதான். முகப் பூச்சு மாதிரி கழுவாமல் விடும் பொருட்களுக்கும் 2027-இல் இருந்து அந்தக் கட்டுப்பாடு வருகிறது. அந்தக் கவலை உள்ளவர்கள் அந்தப் பெயர் இல்லாத டியூபாகப் பார்த்து வாங்குங்கள். நான் பார்ப்பது வேறு: உள்நாட்டுச் சரக்கு என்றால் உற்பத்தி உரிமம் எண், வெளிநாட்டுச் சரக்கு என்றால் பதிவு எண், அத்துடன் பேட்ச் எண், காலாவதி மாதம். இவை இல்லாமல் பாதி விலைக்குக் கிடைக்கிறது என்று யாராவது நீட்டினால் வேண்டாம், போலிச் சரக்குக்கு எந்த மாநிலமும் ஒன்றுதான்.

கடைசியாக, ராத்திரி கழுவும் விஷயம். வெறும் ஃபேஸ்வாஷுக்கு இந்தப் படலம் முழுசாக அசையாது, கழுவிய பிறகும் மூக்கோரத்தில் வழவழப்பு தங்கும், அதன் கூட எண்ணெயும் தூசும். எங்கள் பக்கம் எல்லாவற்றுக்கும் தேங்காயெண்ணெய்தான், ஆனால் பரு வரும் முகத்துக்கு அது ஆகாது. மேக்கப் துடைக்கும் மைசெல்லார் வாட்டர் சின்ன பாட்டில் அதே ஃபேன்சி ஸ்டோரில் இருக்கிறது, பஞ்சை நன்றாக நனைத்து, மூக்கோரத்தில் கொஞ்ச நேரம் வைத்திருந்து துடைத்துவிட்டு, அப்புறம் ஃபேஸ்வாஷ் போடுங்கள்.