ஹைரைடர் ஹைபிரிடா, கிரெட்டா டீசலா?

ஹைபிரிட் என்றால் பெட்ரோல் எஞ்சினோடு பேட்டரியில் ஓடும் மின்மோட்டாரும் சேர்ந்த கார். இரண்டு காருக்கும் 1.5 லிட்டர் எஞ்சின், ஏறக்குறைய 116 குதிரைத்திறன். குழப்பம் வருவது இயல்புதான்.

மைலேஜ் (லிட்டருக்கு, நிறுவனக் கணக்கு): டொயோட்டா ஹைரைடர் ஹைபிரிட் 27.97 கி.மீ.; ஹூண்டாய் கிரெட்டா டீசல் மேனுவல் 21.8. சென்னை டிராஃபிக்கில் ஹைபிரிடுக்குக் கொண்டாட்டம்: பிரேக் பிடிக்கும்போதெல்லாம் பேட்டரி ஏறும், சிக்னலில் எஞ்சின் அணைந்து மோட்டாரில் நகரும். பைபாஸில் சீராக ஓட்டினால் இந்த லாபம் சுருங்கும். தமிழ்நாட்டில் டீசல் விலையும் பெட்ரோலைவிடக் குறைவு.

இழுவை: டீசல்தான், 250 நியூட்டன் மீட்டர். ஊட்டி மலையேறும்போது ஆக்ஸிலரேட்டரை அழுத்தினால் ஹைபிரிடின் மூன்று சிலிண்டர் எஞ்சின் கத்தும்.

டிக்கி: கிரெட்டாவில் 433 லிட்டர். ஹைபிரிடில் பேட்டரி அடியில் உட்கார்ந்து இடத்தைத் தின்றுவிடுகிறது. பெரிய சூட்கேஸ் இரண்டு வைப்பதே பெரும்பாடு.

பராமரிப்பு: ஹைபிரிட் பேட்டரிக்கு 8 ஆண்டு அல்லது 1.6 லட்சம் கி.மீ. வாரண்டி, பயம் வேண்டாம். டீசலைக் கடைத்தெருவுக்கு மட்டுமே ஓட்டினால் புகை வடிகட்டி அடைத்துக்கொள்ளும்.

தினமும் ஆபீஸ், நெரிசல் என்றால் ஹைபிரிட். வாராவாரம் குடும்பத்தோடு, மூட்டை முடிச்சோடு சொந்த ஊர் போகிறவர்கள் டீசலையே எடுங்கள். மாதம் ஐந்நூறு கி.மீ.கூட ஓட்டாதவருக்கு இரண்டுமே தண்டச் செலவு, சாதாரண பெட்ரோல் போதும்.