தொண்டை வலித்தால்தான் பெல்ட்டிங் வரும் என்பவரிடம் பணம் கட்டாதீர்கள்

கோலாலம்பூரில் மேடை மியூசிக்கலுக்கு, அதாவது பாடி நடிக்கும் நாடகத்துக்குப் பாடக் கற்றுக்கொள்ள வகுப்பு தேடுகிறவர்கள், அதிலும் என்னைப் போன்ற தமிழ்ப்பள்ளி ஆசிரியர்கள், இதை முழுதாகப் படித்துவிடுங்கள். ஆறே வகுப்பில் என் குரல் போய்விட்டது. மூன்று மாதம் ஆகிறது, இன்னும் முழுதாகத் திரும்பவில்லை. அந்த இடத்தின் பெயரை எழுதவில்லை. பணத்துக்கான புகார் இப்போது பயனீட்டாளர் நடுவர் மன்றத்தில் இருக்கிறது.

நான் சிறு வயதிலிருந்து கர்நாடக சங்கீதம் படித்தவள். ஐந்து கட்டை சுருதி. மேல் ஷட்ஜத்தைத் தாண்டினால் குரலை மெலிதாக்கித்தான் பாடுவேன். போன வருடம் செந்தூலில் கேஎல்பேக் அரங்கில் ஒரு மியூசிக்கல் பார்த்தேன். அதில் ஒரு பெண் அதே உயரத்தில், பேசுகிற குரலின் கனம் குறையாமல் பாடினார். கடைசி வரிசையில் இருந்த எனக்கு உடம்பு சிலிர்த்தது. அதற்குப் பெயர்தான் பெல்ட்டிங் என்று தோழி சொன்னாள். எப்படியாவது அதைக் கற்க வேண்டும் என்று தேடியபோதுதான் இந்த இடம் கிடைத்தது. கடைவரிசையின் இரண்டாம் மாடி, ஒரு பியானோ, சுவர் முழுக்கக் கண்ணாடி. 16 வகுப்புக்கு 2,400 வெள்ளி (ரிங்கிட்), முழுதும் முன்பணம். ரசீதின் கீழே 'பணம் திருப்பித் தரப்படாது' என்று அச்சடித்திருந்தார்கள். அதைப் பார்த்துவிட்டும் கட்டினேன்.

முதல் நாளே நேராக உச்சஸ்தாயிப் பாட்டு. குரலைச் சூடாக்கும் பயிற்சி எதுவும் இல்லை. "வயித்துலேர்ந்து தள்ளு, இன்னும் தள்ளு" என்பதைத் தவிர அங்கிருந்த ஆசிரியர் பெரிதாக எதுவும் சொல்லித்தரவில்லை. கண்ணாடியில் என் கழுத்து நரம்பு புடைப்பது எனக்கே தெரிந்தது. தொண்டை எரிகிறது என்றேன். "வலிக்குதா? நல்லது. ஜிம்முக்குப் போனா உடம்பு வலிக்காதா? தொண்டையும் அப்படித்தான், உரமேறணும்" என்றார். கேட்க நியாயமாகத்தான் இருந்தது, நம்பிவிட்டேன். மூன்றாம் வகுப்பில் ஒரு மாத்திரையை நீட்டி வாயில் அடக்கிக்கொள்ளச் சொன்னார். தொண்டை மரத்துப்போனது, வலி தெரியவில்லை, இன்னும் ஒரு மணி நேரம் பாடினேன். இன்றும் எனக்குத் தாங்காத கோபம் இந்த மாத்திரையை நினைத்துத்தான். நிறுத்து என்று உடம்பு சொன்ன ஒரே வழியையும் அடைத்துவிட்டார்.

ஐந்தாம் வகுப்புக்கு மறுநாள் காலை, மூன்றாம் ஆண்டு மாணவன் ஒருவன், "டீச்சர், நீங்க பேசுறது கேட்கல" என்றான். ஆறாம் வகுப்பில், மேற்கத்திய இசையில் 'ஏ' என்கிற சுரத்தில் குரல் அறுந்து வெறும் காற்று வந்தது. அவர் அப்போதும் மறுபடி பாடச் சொன்னார். நான் பையை எடுத்துக்கொண்டு இறங்கிவிட்டேன்.

கிளினிக் கெசிஹாத்தானில் (அரசு சுகாதார நிலையத்தில்) ஒரு வெள்ளி கட்டி டாக்டரைப் பார்த்து, கடிதம் வாங்கிக்கொண்டு பொது மருத்துவமனையின் காது மூக்குத் தொண்டைப் பிரிவுக்குப் போனேன். மூக்கு வழியாகக் கேமரா விட்டு, மின்னி மின்னி எரியும் வெளிச்சத்தில் குரல் நாண்களைத் திரையில் காட்டினார்கள். இரண்டு நாணிலும், முன்பக்கத்திலிருந்து மூன்றில் ஒரு பங்கு தூரத்தில், எதிரெதிரே சின்ன வீக்கம். நாண்கள் அதிக விசையோடு மோதும் இடமாம் அது. அப்படியே விட்டிருந்தால் கெட்டியான முடிச்சாகியிருக்கும்.

அந்த டாக்டரம்மா பொறுமையாக விளக்கினார். நான் பாடிய 'ஏ' சுரத்தில் நாண்கள் நொடிக்கு 440 தடவை மோதிக்கொள்கின்றன. உள்ளே தசை இருந்தாலும் மோதுவது மேலே இருக்கும் மெல்லிய ஈரச் சவ்வு. கைத்தசையைப் போல அது அடிபட்டு உரமேறாது, வீங்கத்தான் செய்யும். அறுவை வேண்டாம், ஓய்வும் பேச்சுப் பயிற்சியும் போதும் என்றார். கிசுகிசுத்துப் பேசுவதும் நாண்களுக்கு ஓய்வு இல்லை என்று அன்றுதான் தெரிந்தது. இரண்டு வாரம் எம்.சி. (மருத்துவ விடுப்பு), அப்புறம் வகுப்பில் இடுப்பில் மாட்டும் மைக்.

இதனால் பெல்ட்டிங்கே ஆபத்து என்று யாரும் ஒதுங்கிவிட வேண்டாம். மைக் இல்லாத காலத்தில் நம் நாடக மேடையில் கிட்டப்பாவும் கே.பி. சுந்தராம்பாளும் கடைசி ஆள் வரைக்கும் கேட்கப் பாடினார்கள். 1960களிலும் அந்த அம்மாவுக்கு அதே கணீர்க் குரல். நியூயார்க்கின் பிராட்வே நாடக மேடையில் எத்தெல் மெர்மன் என்ற பாடகி 1930இல் தொடங்கிப் பல பத்தாண்டுகள் அப்படிப் பாடினார். தள்ளித் தள்ளிப் பாடியிருந்தால் இத்தனை காலம் குரல் தாங்கியிருக்காது.

இப்போது ஸ்பீச் தெரப்பிஸ்ட் என்னிடம் செய்யச் சொல்வது அந்த வகுப்புக்கு நேர் எதிர். பிளாட்டின் நாலாம் மாடியில் இருப்பவரைக் கீழேயிருந்து "ஏய்!" என்று கூப்பிடுகிறோமே, பெல்ட்டிங்கின் விதை அந்தக் குரல்தான். அதில் காற்று அதிகம் போவதில்லை. வாய் நன்றாகத் திறந்து, சத்தம் கொஞ்சம் கூர்மையாக, முன்னால் ஒலிக்கும். குரல்வளைக்குச் சற்று மேலே இடம் குறுகுவதால் அந்தக் கூர்மை வருகிறது. சத்தம் தூரம் போவதும் அதனால்தான். கீழ்க்குரலின் முழு கனத்தையும் மேலே இழுத்துக்கொண்டு போகக் கூடாது. ஏற ஏற நாண்கள் மெலிய இடம் கொடுக்க வேண்டும். கேட்பவருக்குக் கனமாகத்தான் கேட்கும். தினமும் சில நிமிடம் பயிற்சி, நடுவில் ஓய்வு, தண்ணீர் பாட்டிலுக்குள் ஸ்ட்ரா விட்டுக் குமிழி வர ஊதியபடியே 'ஊ'. மறுநாள் காலை உச்சஸ்தாயியில் மிக மெல்லிய குரலில் பாடிப் பார்க்கிறேன். சத்தம் பிறக்கத் தாமதமானாலோ காற்று கலந்தாலோ நேற்று அளவு மீறிவிட்டது என்று அர்த்தம், அன்று பயிற்சி கிடையாது. எந்த ஆசிரியரிடம் போனாலும், வலித்தால் என்ன செய்வீர்கள் என்று முதலில் கேளுங்கள். உடனே நிறுத்துவேன் என்று சொல்லாதவரிடம் இரண்டாம் வகுப்புக்குப் போகாதீர்கள்.

சரி, பணத்துக்கு வருகிறேன். மருத்துவ அறிக்கையோடு போய்க் கேட்டபோது ரசீதின் அந்த ஒரு வரியைத்தான் காட்டினார்கள். ஆனால் 1999ஆம் ஆண்டின் பயனீட்டாளர் பாதுகாப்புச் சட்டத்தில் 17ஆம் பிரிவு இருக்கிறது. இனிமேல் தரப்போகும் சேவைக்கு முன்பணம் கட்டியிருந்தால் நாம் இடையில் நிறுத்திக்கொள்ளலாம். மொத்தத் தொகையில் 5 சதவீதமும், அதுவரை பெற்ற சேவைக்கான தொகையும் மட்டுமே அவர்கள் பிடித்துக்கொள்ள முடியும். என் கணக்கில் ஆறு வகுப்புக்கு 900, ஐந்து சதவீதம் 120. மீதி 1,380 வெள்ளி எனக்கு வர வேண்டியது. நடுவர் மன்றத்தில் மனுக் கட்டணம் 5 வெள்ளி, வக்கீல் தேவையில்லை, 50,000 வெள்ளி வரை கேட்கலாம், மூன்று வருடத்துக்குள் போக வேண்டும். உடல் பாதிப்புக்கு மட்டும் அங்கே இழப்பீடு கேட்க முடியாது. என் தொண்டைக்கு யாரும் பதில் சொல்லப்போவதில்லை என்பதுதான் இதில் எனக்குப் பெரிய வருத்தம்.

விசாரணை அடுத்த மாதம். இப்படி எங்கேயாவது முன்பணம் கட்டிவிட்டுப் பாதியில் நிற்கிறவர்கள் உள்பெட்டியில் எழுதுங்கள், மனுப் படிவம் நிரப்ப உதவுகிறேன். ரசீதையும் வாட்ஸாப் உரையாடலையும் மட்டும் அழித்துவிடாதீர்கள்.