வெள்ளத்தில் நனைந்த கார்ட்

தங்கச்சியின் இரண்டாவது பிள்ளைப்பேறுக்கென்று ஐந்து கிழமை லீவெடுத்து லண்டனிலிருந்து மட்டக்களப்புப் பக்கம் ஆரையம்பதிக்குப் போயிருந்தேன். பயணமெல்லாம் வழமைபோலத்தான். நான் சொல்ல வந்தது ஒரு பழைய டயக்னோசிஸ் கார்டைப் பற்றி. ஆஸ்பத்திரியிலிருந்து வீட்டுக்கு விடும்போது என்ன செய்தார்கள் என்று எழுதித் தருகிற கார்ட் அது.

அவளுடைய மூத்தவன் சிசேரியன். பிள்ளை திரும்பாமல் கால் கீழே கிடந்ததால் வெட்டி எடுத்தார்கள். இந்த முறை தலை கீழேதான். "அக்கா, இதையாவது நோமலாப் பெறலாமா?" என்று மாதக்கணக்காக ஃபோனில் கேட்டுக்கொண்டிருந்தாள். என் மூத்தவளும் சிசேரியன், இளையவனை நோமலாகத்தான் பெற்றேன். அதனால் என்னைத்தான் கேட்டாள்.

போய் மூன்றாம் நாள் தனியார் இடமொன்றில் ஒரு டாக்டரைச் சனல் பண்ணினோம். நம்பர் 27. ஐந்து மணிக்குப் போனவர்களை ஒன்பதரைக்குத்தான் உள்ளே கூப்பிட்டார்கள். மூன்று நிமிஷம்கூட இருக்காது. "முதல் பிள்ளை சிசேரியனா? அப்ப இதுவும் சிசேரியன்தான்" என்று ஒரு துண்டில் திகதி எழுதி நீட்டினார். தங்கச்சி பழைய கார்டைப் பொலித்தீன் பைக்குள் போட்டு மடியில் வைத்திருந்தாள். அதை வெளியே எடுக்கக்கூட நேரம் கிடைக்கவில்லை. ஏன் டாக்டர் என்று நான் கேட்டேன். "தையல் பிரியும்." அவ்வளவுதான். அடுத்த நம்பர் உள்ளே வந்துவிட்டது. ஆட்டோ கல்லடிப் பாலம் தாண்டும்வரை அவள் வாய் திறக்கவில்லை.

சிசேரியன் என்று சொன்னதற்காக நான் கோபப்படவில்லை. தேவையான இடத்தில் அது உயிர் காக்கிற காரியம். ஏன் என்று சொல்லாமல் அனுப்பியதுதான் இன்னும் ஆறவில்லை. லண்டனில் ஒரு மிட்வைஃப் முக்கால் மணித்தியாலம் என்னோடு இருந்து விளக்கினார். ஒரு சிசேரியனுக்குப் பிறகு நோமலுக்கு முயன்றால் ஏறக்குறைய நாலு பேரில் மூன்று பேருக்குச் சரிவரும். கர்ப்பப்பைத் தழும்பு கிழிவது 200 பேரில் ஒருவருக்கு. கிழிந்தால் தாய்க்கும் பிள்ளைக்கும் ஆபத்து, அதனால் ஒப்பரேஷன் தியேட்டரும் ஏற்ற இரத்தமும் தயாராக உள்ள ஆஸ்பத்திரியில்தான் பெற வேண்டும். நோவு வரவைக்க மருந்து ஏற்றினால் ஆபத்து இரண்டு மூன்று மடங்காகும். இவ்வளவும் தெரிந்துதான் நான் சம்மதித்தேன்.

அடுத்த நாள் காலை எங்கள் பகுதி மிட்வைஃப் மிஸ்ஸி ஸ்கூட்டியில் வந்து இறங்கினார். அம்மாவின் காலத்தில் மிஸ்ஸி சைக்கிளில் வருவார், நாங்கள் திரிபோஷா சத்துமாவுக்காகப் பின்னால் ஓடுவோம். லண்டனில் நான் வயிற்றுப் பிள்ளையோடு இருந்த காலத்தில் என் வீட்டுப் படியை ஒருவரும் மிதிக்கவில்லை.

"கார்டைக் கொண்டு வா புள்ள" என்றார்.

2024 நவம்பர் வெள்ளம் வீட்டுக்குள் ஏறியபோது அலுமாரியின் கீழ்த்தட்டில் கிடந்த கார்ட் அது. காய்ந்து அப்பளம்போல் வளைந்திருந்தது. நீல மை பாதிக்குமேல் ஊறிப் பரவியிருந்தது. மிஸ்ஸி விறாந்தை வெளிச்சத்தில் அதைச் சரித்துப் பிடித்து, கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டு, நகத்தால் வரிவரியாகத் தொட்டுக்கொண்டு போனார். ஓரிடத்தில் நகம் நின்றது.

"எல்.எஸ்.சி.எஸ். கிடக்கு, பார். கர்ப்பப்பையின்ட கீழ்ப்பக்கத்திலதான் வெட்டியிருக்கு. வெளித் தழும்பப் பார்த்து உள்ளுக்கு எப்பிடி வெட்டின எண்டு சொல்ல ஏலா மகள்."

நெடுக்கே மேலுக்கு வெட்டியிருந்தால் நோமலை நினைக்கவே கூடாதாம். முதல் தடவை வெட்டியதற்குக் காரணம் பிள்ளை கிடந்த விதம் என்பதும் நல்லதுதான், அது இந்த முறை இல்லையே என்றார். அப்புறம் கிளினிக் கொப்பியில் தன் கையாலேயே எழுதிக் கொடுத்தார்: நோவு தொடங்கியதும் ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும், நோவு விட்ட இடைவெளியிலும் தழும்பில் வலி விடாமல் இருந்தாலோ இரத்தம் பட்டாலோ ஒரு நிமிஷமும் தாமதிக்கக் கூடாது. "முடிவு சொல்ற ஆள் நானில்ல. பெரிய டாக்டரிட்ட இதக் காட்டிக் கேள். கேக்க வெக்கப்படாத" என்று சொல்லிவிட்டுத்தான் எழும்பினார்.

அரசாங்க கிளினிக்கில் வாங்கில் மூன்று மணித்தியாலம் இருந்தோம். ஒரு ஃபேன், முப்பது நாற்பது பேர். லண்டனில் அப்பொயின்ட்மென்டுக்குப் பழகிய எனக்குத் தலை வெடித்தது. ஆனால் அந்த டாக்டர் கார்டை வாங்கிப் படித்தார். அந்த நாலு எழுத்தின் கீழ் கோடு போட்டார். தானாக நோவு வந்தால் முயன்று பார்ப்போம், பிள்ளையின் துடிப்பு குறைந்தால் உடனே தியேட்டர், சரியா என்று தங்கச்சியிடமே கேட்டார். அவள் ஓம் என்றாள். ஒரு சதமும் செலவில்லை.

39 கிழமையும் நாலு நாளும் ஆனபோது மகள் நோமலாகப் பிறந்தாள். இரண்டு பேரும் சுகம்.

வாட்டிலிருந்து வந்த புதுக் கார்டையும் பழையதையும் டவுனுக்குக் கொண்டுபோய் லமினேற் பண்ணி, ஃபோனிலும் படமெடுத்து, அலுமாரியின் மேல்தட்டில் வைத்துவிட்டுத்தான் பிளேன் ஏறினேன்.