மேட்டுப்பாளையம் அடிவாரத்தில் அரை நாள் மர நடை: நடை அருமை, கையேடு போதாது

ஜனவரியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை, மேட்டுப்பாளையத்திலிருந்து கல்லாறு வரைக்கும் ஒரு சின்னக் குழு நடத்துகிற மர நடைக்கு, அதாவது மரங்களைப் பார்த்துத் தெரிந்துகொள்கிற நடைக்குப் போய்வந்தேன். தலைக்கு 800 ரூபாய், காலை டிபன் அதிலேயே அடக்கம். அந்தக் காசு நடைக்குத் தகும், கையில் கொடுத்த கையேட்டுக்குத் தகாது.

பேரைச் சொல்லிவிட்டு நகர்ந்துபோகிற நடை இல்லை இது. வேனை மூன்று இடங்களில் நிறுத்தி, அந்த மரம் ஏன் அங்கே நிற்கிறது என்று காட்டினார்கள். நீலகிரியின் கிழக்கு அடிவாரம் என்பதால் தென்மேற்குப் பருவமழையின் பெரும்பங்கை மலையே மறித்துக்கொள்கிறது, இங்கே பச்சை தலைகாட்டுவது ஐப்பசி, கார்த்திகை மழையில்தான். அதனால் ஊரைத் தாண்டியதுமே முள்காடு: உசில், வெள்வேல், சூரை, காரை, விராலி. வழிகாட்டிகளில் ஒருவர் பக்கத்துப் பதியை (பழங்குடிக் குடியிருப்பை)ச் சேர்ந்த இருளர் அக்கா. உசில் இலையைக் கசக்கி நாலு சொட்டுத் தண்ணீர் விட்டு, "தொட்டுப் பாரு கண்ணு" என்று என் உள்ளங்கையில் வைத்தார். வழுவழுவென்று, லேசாக நுரையோடு. சின்ன வயதில் எண்ணெய் தேய்த்துக் குளிக்கும்போது பாட்டி போட்ட அரப்பு இதுதான் என்று அந்த நிமிடம்தான் புரிந்தது.

கொஞ்சம் சரிவேறினால் வெக்காலி, வேங்கை, கருமருது என்று மரங்கள் உயர்ந்துவிடுகின்றன. வேங்கைப் பட்டையில் பழைய காயம் ஒன்றிலிருந்து வழிந்து உறைந்த பிசின், காய்ந்த ரத்தம் மாதிரியே இருந்தது. வெப்பாலையில் காய்கள் இரண்டிரண்டாக, நுனி ஒட்டியபடி தொங்கின. அப்புறம் கல்லாற்றங்கரை: நீர்மருது, புங்கன், நாவல், மூங்கில். ஓடையை விட்டுச் சற்று மேலே ஏறினால் மறுபடியும் காய்ந்த காட்டு மரங்கள்தான். இடத்தின் உயரம் கிட்டத்தட்ட அதேதான், தண்ணீர் எவ்வளவு தூரத்தில் இருக்கிறது என்பதே காட்டை மாற்றிவிடுகிறது.

இனி குறை. கையேட்டில் இருப்பது மரங்கள் மட்டும், ஒரு புதர்ச்செடிகூடக் கிடையாது. வழியெல்லாம் இடுப்பளவுக்கு மண்டிக் கிடந்தது உண்ணிச்செடி. வெள்ளைக்காரன் காலத்தில் அழகுக்காகக் கொண்டுவந்தது, பழத்தைத் தின்று பறவைகள் பரப்பிவிட்டன, அதன் நிழலில் மரக்கன்று எழும்புவதே கஷ்டம். நாளைக்கு அங்கே எந்த மரம் இருக்கும் என்பதைக் கீழே இருக்கிற புதரைப் பார்த்துத்தானே சொல்ல முடியும்? அதைப்பற்றி ஒரு வரியாவது போட்டிருக்க வேண்டும். இருபத்தாறு பேரைச் சேர்த்ததும் தப்பு, பின்னால் நின்றவர்களுக்குப் பாதி காதில் விழவில்லை.

முழுக்கை சட்டை, ஷூ கட்டாயம், சூரை முள் விடாது. யானை நடமாடும் வழி என்பதால் குழுவை விட்டுத் தனியாக நகராதீர்கள். மார்ச்சில் புரசு பூக்கும்போது இன்னொரு நடை வைக்கப்போகிறார்களாம், பதினைந்து பேரோடு நிறுத்திக்கொண்டால் நான் மறுபடியும் போவேன்.