மான் பார்க்க பைனாகுலர் வாங்கப் போகிறீர்களா? ‘வேட்டை செட்’ என்று நீட்டினால் வாங்காதீர்கள்

பாரிமுனைப் பக்கம் ஒரு கடையில் 4,200 ரூபாயைத் தொலைத்துவிட்டு எழுதுகிறேன். கடையின் பெயர் வேண்டாம், பொருளின் அடையாளத்தைச் சொல்கிறேன்: மான் தலை படம் போட்ட பெட்டி, உள்ளே ‘20×50’ என்று அச்சடித்த பைனாகுலர், பச்சையும் காவியுமாக ஒரு ஜாக்கெட், மானைக் கூப்பிடும் ஊதல் ஒன்று.

அப்பாவுக்கு 71 வயது. கிண்டியில் புள்ளிமான்களைப் பார்த்தே வளர்ந்தவர். கோடியக்கரையில் வெளிமான் கூட்டம் ஓடுவதை ஒரு தடவையாவது பார்க்க வேண்டும் என்று பத்து வருஷமாகச் சொல்லிக்கொண்டிருந்தார். ஜனவரியில் போகலாம் என்று முடிவானதும் நல்ல பைனாகுலர் தேடித்தான் அந்தக் கடைக்குப் போனேன். “சார், அமெரிக்காவுல மான் வேட்டைக்குப் போறவங்க வாங்குற செட்டு இது, இருபது மடங்கு பெருசா தெரியும், இந்த ஜாக்கெட் போட்டா மான் கண்ணுக்கு நீங்க தெரியவே மாட்டீங்க” என்றார் கடைக்காரர். நம்பிவிட்டேன்.

கோடியக்கரையில் விடிந்து கொஞ்ச நேரத்திலேயே நல்ல கறுப்பு முதுகும் முறுக்கிய கொம்புமாக ஒரு ஆண் மான் புல்வெளியில் நின்றது. அப்பா பைனாகுலரைக் கண்ணில் வைத்தார், திருகினார், மறுபடி திருகினார். “ரெண்டு ரெண்டா தெரியுதுடா” என்றார். நான் வாங்கிப் பார்த்தேன். இரண்டு குழாயும் ஒரே இடத்தைப் பார்க்கவில்லை, அதோடு எல்லாமே பச்சை பூத்த மாதிரி இருந்தது. பத்து நிமிஷத்தில் அவருக்குத் தலைவலி வந்து வண்டியிலேயே உட்கார்ந்துவிட்டார். ஜாக்கெட்டோ கையைத் தூக்கினாலே சரசரவென்று சத்தம். ஊதலைப் பார்த்த வனக் காவலர் இது எதற்கு, யார் கொடுத்தது என்று துருவித் துருவிக் கேட்டார். அவரைக் குறை சொல்ல முடியாது. வெளிமான் 1972ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் இருக்கிற விலங்கு, வேட்டையாடினால் சிறை. சரணாலயத்துக்குள் வேட்டைச் சாமானோடு அப்பாவை நிற்க வைத்துவிட்டேனே என்று எனக்கு உடம்பே கூசிப்போனது.

வீட்டுக்கு வந்து பையனின் ஸ்கேலை எடுத்து அளந்தேன். 20×50 என்றால் 20 மடங்கு, முன்பக்க லென்ஸின் விட்டம் 50 மில்லிமீட்டர் என்று அர்த்தம். ஸ்கேல் 34 காட்டியது. அப்படியே உண்மையான இருபது மடங்காக இருந்தாலும் ஸ்டாண்ட் இல்லாமல் கையில் பிடித்தால் படம் ஆடிக்கொண்டே இருக்கும், கைக்கு எட்டோ பத்தோ போதும். 8×42 வாங்கினால் 42ஐ 8ஆல் வகுத்து, கண்ணுக்கு வரும் ஒளி வட்டம் 5 மில்லிமீட்டருக்குக் கொஞ்சம் மேல். மான் மேய வருகிற அதிகாலை, அந்தி வெளிச்சத்தில் இந்த அளவுதான் கைகொடுக்கும். பணம் கொடுப்பதற்கு முன்னால் கடை வாசலுக்கு வந்து, வெளிச்சத்தைப் பார்த்து, பைனாகுலரைக் கை நீட்டித் தூரமாகப் பிடியுங்கள். கண் வைக்கிற பக்கம் தெரியும் ஒளிப்புள்ளி முழு வட்டமாக இருக்கணும், ஓரம் வெட்டுப்பட்டுச் சதுரமாகத் தெரிந்தால் உள்ளே ஒளியைத் திருப்புகிற பிரிசம் கண்ணாடி மட்டமான சரக்கு. அப்புறம் தூரத்து போர்டு ஒன்றை இரண்டு கண்ணாலும் பாருங்கள், எழுத்து இரட்டையாகத் தெரிந்தால் அங்கேயே திருப்பிக் கொடுத்துவிடுங்கள். முன் லென்ஸ் செக்கச்செவேலென்று மின்னினால் அதைத் தொடவே வேண்டாம், சிவப்பு ஒளியை அது வெளியே தள்ளிவிடுவதால்தான் எங்களுக்குப் பச்சையாகத் தெரிந்தது.

ஜாக்கெட் பேச்சும் பொய்தான். மான் கண்ணுக்கு ஆரஞ்சு நிறம் நமக்குத் தெரிகிற மாதிரி பளிச்சென்று தெரியாது. அமெரிக்காவில் பல மாநிலங்களில் மான் வேட்டைக்காரர்கள் ஆரஞ்சு நிறத்தில் உடுத்தணும் என்று சட்டமே இருக்கிறது, ஒருவரை ஒருவர் சுட்டுவிடக் கூடாது என்பதற்காக. மான் உஷாராவது அசைவிலும் சத்தத்திலும் வாடையிலும்தான். மங்கலான நிறத்தில் பழைய பருத்திச் சட்டை போதும்.

திருப்பிக் கொடுக்கப் போனால் “வித்தது வித்ததுதான் சார், பில்லு இருக்கா?” என்றார்கள். பில் கேட்காதது என் தப்பு. ஆனால் யூபிஐயில் கட்டிய ரசீது போனில் இருக்கிறது, அதை வைத்து 1915 என்ற எண்ணுக்குப் போன் செய்து நுகர்வோர் உதவி மையத்தில் புகார் பதிந்திருக்கிறேன். அங்கே தீரவில்லை என்றால் மாவட்ட நுகர்வோர் ஆணையம், 5 லட்சம் ரூபாய் வரை கட்டணமே கிடையாது, இரண்டு வருஷத்துக்குள் போட வேண்டும். நேற்று அந்தப் பக்கம் போனபோது அதே மான் தலைப் பெட்டிகள் வாசலிலேயே நாலைந்து தொங்கிக்கொண்டிருந்தன.