450 ரூபாய்க்கு ஏறிய ரயில்

கொழிஞ்சாம்பாறை, வேலந்தாவளம், மீனாட்சிபுரம், பொள்ளாச்சிப் பக்கம் கேம் ஆடுகிற தம்பிகள் இதைக் கொஞ்சம் படித்துவிடுங்கள். கம்ப்யூட்டர் கேம் விற்கிற ஆன்லைன் கடையான ஸ்டீமின் கேம்களைப் பாதி விலைக்கும் கீழே தருவதாகச் சொல்லி ஒருவன் இன்ஸ்டாகிராமில் சுற்றிக்கொண்டிருக்கிறான். எனக்குப் போனது 450 ரூபாய். அது போகட்டும், கூடவே போன பதினெட்டு மணி நேர ஆட்டத்தை நினைத்தால்தான் வயிறு எரிகிறது.

கேம், மெட்ரோ எக்ஸோடஸ். வந்தது 2019 பிப்ரவரியில். எதையும் ஐந்தாறு வருடம் தள்ளித்தான் ஆடுவேன். என்னிடம் இருக்கும் ஜிடிஎக்ஸ் 1650 கிராஃபிக்ஸ் கார்டுக்கு அதுதான் மரியாதை. அணுகுண்டுப் போருக்குப் பின் மாஸ்கோ மெட்ரோ சுரங்கத்துக்குள்ளேயே வாழ்ந்த ஆர்த்யோம், மனைவி ஆன்னா, மாமனார் மில்லர், இன்னும் சில பேர் அரோரா என்ற நீராவி ரயிலில் ஏறி ஊரை விட்டுக் கிளம்புகிறார்கள். சுடுகிற கேம்தான். ஆனால் நடுநடுவே பெட்டிக்குள் சும்மா உட்கார்ந்து மற்றவர்கள் பேசுவதைக் கேட்கலாம். பாலக்காடு பாசஞ்சரில் போய் வந்தே வளர்ந்தவனுக்கு இதைவிட என்ன வேண்டும்?

வாங்குவதற்கு முன் இரண்டு வாரம், ஆடியவர்கள் எழுதியதையெல்லாம் உட்கார்ந்து படித்தேன். பெரிய குறை ஒன்றைப் பலரும் சொல்லியிருந்தார்கள்: எதிரில் இருப்பவர்கள் மனம் விட்டுப் பேசும்போது ஆர்த்யோம் வாயே திறப்பதில்லை, அத்தியாயத்துக்கு நடுவே லோடிங் வரும்போது மட்டும் பேசுகிறான். வோல்கா, காஸ்பியன் பகுதிகளின் திறந்தவெளியால் கதை இழுக்கிறது என்றார்கள் ஒரு சாரார். மூச்சு விட இடம் கிடைத்ததே அங்கேதான் என்றார்கள் மறு சாரார். ஸ்டீமில் ஒருவர் எத்தனை மணி நேரம் ஆடிவிட்டு எழுதுகிறார் என்பது அவர் எழுதியதற்கு மேலேயே தெரியும் என்பதால், இரண்டு மணி நேரத்தில் தீர்ப்பு சொன்னவர்களை ஒதுக்கிவிட்டேன். அவ்வளவு விவரம் எனக்கு!

விற்றவனைப் பற்றி யார் என்ன எழுதியிருக்கிறார்கள் என்று பார்க்க எனக்கு ஐந்து நிமிடம்கூட இல்லை.

அவன் பக்கத்தில் வாட்ஸப் ஸ்க்ரீன்ஷாட்டுகள் வரிசையாக இருந்தன. ‘டிரஸ்டட் செல்லர் ப்ரோ’, ‘செம சர்வீஸ்’ என்று. போன் போட்டால் பேச்சு அப்படியே நம்ம ஊர்ப் பேச்சு. “நான் பொள்ளாச்சிங்ணா, கொழிஞ்சாம்பாறைக்கு வாரா வாரம் வருவேனுங்க. பொள்ளாச்சி பஸ் ஸ்டாண்ட் பக்கத்துலதான் கடை” என்றான். நான் கொஞ்சம் தயங்கியதும் மலையாளத்துக்குத் தாவி, “ஒண்ணும் பேடிக்கண்டா சேட்டா” என்று வேறு, ஒன்றும் பயப்படாதீர்கள் அண்ணா என்று. இரண்டு மொழியிலும் உறவு கொண்டாடுகிறவனை எப்படிச் சந்தேகப்படுவது? ஜிபேயில் வந்த பெயர் வேறாக இருந்தது. கேட்டேன். மச்சான் அக்கவுண்ட் என்றான். சரி என்று அனுப்பிவிட்டேன்.

அப்புறம்தான், தூரத்திலிருந்தே நம் கம்ப்யூட்டரை இயக்க விடுகிற எனிடெஸ்க் ஆப்பைப் போடச் சொன்னான். போட்டேன். என் கம்ப்யூட்டரில் மவுஸ் தானாக நகர்ந்து, என் ஸ்டீம் அக்கவுண்டை லாக் அவுட் செய்து, வேறொரு அக்கவுண்டை உள்ளே நுழைத்ததை நானே கையைக் கட்டிக்கொண்டு பார்த்திருந்தேன். பிரவுசரில் சேமித்து வைத்திருந்த பாஸ்வேர்டுகளை அவன் தொட்டானா, தெரியாது. எல்லாவற்றையும் பிறகு மாற்றினேன். “இனிமே ஆஃப்லைன்லயே ஆடுங்கணா, ஆன்லைன் போயிடாதீங்க” என்றான். அது ஏன் என்று அப்போது உறைக்கவில்லை. அந்த ஒரே அக்கவுண்டை என்னைப் போல எத்தனை பேருக்கு விற்றிருக்கிறானோ.

பதினெட்டு மணி நேரம் நன்றாகத்தான் ஓடியது. வோல்காவில் நாஸ்தியா என்ற சிறுமியின் கரடி பொம்மையைத் தேடிப் போனேன், பறக்கும் பூதம் ஒன்றின் கூட்டில் இருந்தது. ரயிலில் கூட வரும் ஸ்தெபானுக்கு கிட்டாரும் கொண்டு வந்து கொடுத்தேன். முகமூடிக் கண்ணாடியில் சேறும் ரத்தமும் படியும்போதெல்லாம் ஆர்த்யோம் கையால் துடைக்க வேண்டும். கொஞ்ச நேரத்தில் அது நம் கைப்பழக்கமாகிவிடும். ஆர்த்யோம் பேசாதது எனக்கு உறுத்தவே இல்லை, ரயிலில் நானும் அப்படித்தான். அப்புறம் காஸ்பியன் மணல்காடு. கூட வந்த தாமிர் மறுபடி நம்மோடு ரயில் ஏறுவானா, அங்கேயே தங்கிவிடுவானா என்பது நாம் நடந்துகொள்வதைப் பொறுத்தது. அந்த முடிவுக்கு நெருங்கிக்கொண்டிருந்த ராத்திரி கரண்ட் போனது. திரும்ப வந்ததும் ஸ்டீம் லாகின் கேட்டது. பாஸ்வேர்டு தவறு என்றது.

ஒரு நாள் கழித்து அவன் வேறு அக்கவுண்ட் கொடுத்தான், “இது புது எடிஷன்ணா, இன்னும் சூப்பரா இருக்கும்.” ராத்திரி முழுக்க இறக்கிய பிறகுதான் தெரிந்தது, 2021-இல் வந்த அந்த என்ஹான்ஸ்டு எடிஷனுக்கு ரே டிரேசிங், அதாவது ஒளியை நிஜம் போலக் காட்டுகிற வசதி, உள்ள கார்டு கட்டாயம் என்று. என் 1650-இல் அது திறக்கவே இல்லை. அதைச் சொன்னதும் பிளாக் செய்துவிட்டான்.

பொள்ளாச்சி போய்ப் பார்த்தேன். அவன் சொன்ன அடையாளத்தில் இருந்தது ஜூஸ் கடை. கடைக்காரர் என்னை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, “நீங்க மூணாவது ஆளுங்க” என்றார். லெமன் ஜூஸ் குடித்துவிட்டுத் திரும்பினேன். 1930-க்கு போன் செய்து புகார் எண் வாங்கி வைத்திருக்கிறேன், இதுவரை பதில் இல்லை. மாநில எல்லையில் இருக்கிறோம், எந்த ஸ்டேஷன் என்று குழம்ப வேண்டாம். ஆன்லைன் பண மோசடிக்கு நாடு முழுக்க அந்த ஒரே எண்தான். பணம் போனதும் உடனே கூப்பிடுங்கள், நான் நாலு நாள் ஆறப்போட்டேன்.

ஸ்டீம் விதிப்படி அக்கவுண்டை விற்கவும் முடியாது, கைமாற்றவும் முடியாது. அங்கே புகார் செய்தாலும் அது நம்முடைய அக்கவுண்டே இல்லை. நேராக வாங்கியிருந்தால், 14 நாளுக்குள், இரண்டு மணி நேரத்துக்குக் குறைவாக ஆடியிருந்தால் காசைத் திருப்பித் தருகிறார்கள். யுபிஐயும் எடுத்துக்கொள்கிறார்கள். சேலில் விலை பாதிக்கும் கீழே இறங்குகிறது. நான் அடுத்த சேலில் வாங்கி, மறுபடி மாஸ்கோவிலிருந்து கிளம்பி, இப்போது வோல்காவில் நிற்கிறேன். அந்தக் கரடி பொம்மையை இன்னொரு முறை எடுத்து வர வேண்டும்.

போன வாரம் சித்தி மகன் ஒரு லிங்க் அனுப்பி, “அண்ணா, இவன்கிட்ட வாங்கலாமா?” என்று கேட்டான். புதுப் பெயர், புது லோகோ. ஸ்க்ரீன்ஷாட்டுகளைப் பெரிதாக்கிப் பார்த்தேன். மூன்று வெவ்வேறு ஆட்கள் அனுப்பியதாம். மூன்றிலும் மணி 9:14, பேட்டரி 67.