ரவுட்டர் பூட்ட வந்தவர் பூட்டாமல் போன கதவு

கல்லடியில் போட்டோகொப்பி, ஒன்லைன் விண்ணப்பம், பில் கட்டுதல் என்று சிறிய கடை ஒன்று வைத்திருக்கிறேன். மட்டக்களப்பில் கடை வைத்திருப்பவர்கள், முக்கியமாகக் கமரா பூட்டியவர்கள், இதை வாசித்துவிட்டுத் தங்கள் ரவுட்டரை ஒரு தடவை கவிழ்த்துப் பாருங்கள்.

எனக்குக் கமராவும் புது ரவுட்டரும் பூட்டித் தந்தவர் நகரில் கணினிக் கடை வைத்திருக்கும் ஒரு தம்பி. கூலி மட்டும் 8,500 ரூபாய். கேபிளைச் சுவரோடு ஒட்டி அழகாக அடித்தார். அதில் குறை சொல்ல மாட்டேன். போகும்போது, "பிரச்சினை வந்தால் கூப்பிடுங்கள் அண்ணன், என் கடையிலிருந்தே பார்த்துவிடுவேன்" என்றார். அதைக் கேட்டு மகிழ்ந்தேன் என்பதுதான் வெட்கம். 2013இல் புதிய கல்லடிப் பாலம் திறந்த பிறகு, நகரத்திலிருந்து இங்கே வர எவ்வளவு நேரம் பிடிக்கும்? பாலம் தாண்டி வரும் அந்த அலுப்புக்காக அவர் என்ன செய்து வைத்திருந்தார் என்பது பிறகுதான் தெரிந்தது.

மூன்றாவது வாரம், மகளுக்கு விண்ணப்பம் நிரப்ப வந்த தாயொருவர் முன்னால் சூதாட்ட விளம்பரம் திரை முழுக்க விரிந்தது. பிள்ளை தலையைக் குனிந்துகொண்டது. எனக்கு எங்கே போய் ஒளிவது என்று தெரியவில்லை. தம்பியை அழைத்தேன். "வைரஸ்" என்றார். இரண்டு கணினிகளையும் அழித்துப் புதிதாக்கினார்; ஒன்றுக்கு 3,000. இரண்டே நாளில் அதே விளம்பரம். இப்போது சில தளங்களைத் திறந்தால் பிரவுசர் பாதுகாப்பில்லை என்று எச்சரிக்கவும் தொடங்கியது. அதையும் கேட்டேன். "திகதி பிழையாக இருக்கும் அண்ணன், தொடர்க என்பதை அழுத்துங்கள்." அழுத்தினேன். பழகிவிட்டது. ஒருநாள் என் வங்கிப் பக்கத்துக்கும் அப்படியே அழுத்தினேன். பக்கம் அச்சொட்டாக வழமை போலவே இருந்தது. கைப்பேசிக்கு வந்த குறுஞ்செய்தியில் ஆறு இலக்கங்களை மட்டும் பார்த்தேன், மேலே எழுதியிருந்த தொகையைப் பார்க்கவில்லை. 47,500 ரூபாய் போய்விட்டது. அந்தப் பிழை என்னுடையது.

வந்தாறுமூலையில் கிழக்குப் பல்கலைக்கழகத்தில் படிக்கும் என் மருமகன் சனிக்கிழமை வந்தான். கணினியைத் தொடவேயில்லை. தன் கைப்பேசியைக் கடை வைஃபையில் இணைத்தான்: விளம்பரம் வந்தது. வைஃபையை நிறுத்தி டேட்டாவில் பார்த்தான்: வரவில்லை. "மாமா, கணினி இரண்டும் பாவம். வருத்தம் ரவுட்டருக்கு" என்றான்.

பிறகு என்னை வெளியே தேநீர்க் கடை வரைக்கும் கூட்டிப் போய், டேட்டாவிலேயே ஓர் எண் வரிசையைத் தட்டி, கடைசியில் 8080 என்று போட்டான். என் ரவுட்டரின் உள்நுழைவுப் பக்கம் அந்தத் தெருவோரத்தில் திறந்தது. பெயர் அட்மின், கடவுச்சொல்லும் அட்மின். உள்ளே என் கமரா, என் இரண்டு கணினிகள், கையிலிருந்த என் கைப்பேசி எல்லாம் வரிசையாக நின்றன. தேநீரைக் குடிக்க மனம் வரவில்லை.

ரவுட்டரின் நிர்வாகப் பக்கம் கடைக்குள் இருப்பவர்களுக்கு மட்டும் திறக்க வேண்டும். தம்பி தன் வசதிக்காகத் தொலைநிலை நிர்வாகம் என்ற அமைப்பை இயக்கி, அதை உலகத்துக்கே திறந்து வைத்திருக்கிறார். கமராவை வீட்டிலிருந்து பார்க்கவென்று எடுத்த பொது ஐபி முகவரி, அதாவது மருமகன் தட்டிய அந்த எண் வரிசை, எவரும் நேரே வந்து தட்ட வழி செய்தது. கல்லடியில் ஒரு சின்னக் கடையை யார் தேடி வரப்போகிறார்கள் என்று நினைக்காதீர்கள். ஆள் யாரும் தேடுவதில்லை. இணையத்தின் முகவரிகளை ஒவ்வொன்றாகத் தட்டிப் பார்க்க இயந்திரங்கள் இருக்கின்றன. இப்படித் திறந்து கிடப்பவற்றைப் பட்டியலிடும் ஷோடான் என்ற தேடுபொறி 2009 முதல் இயங்குகிறது. 2016இல் பரவிய மிராய் என்ற தீங்கு நிரல், தொழிற்சாலையில் வைத்த பெயர், கடவுச்சொல் ஜோடிகள் அறுபதளவை மாற்றி மாற்றிப் போட்டே இலட்சக்கணக்கான கமராக்களையும் ரவுட்டர்களையும் பிடித்தது. அட்மின், அட்மின் அதிலும் இருந்தது.

உள்ளே வந்தவர் டி.என்.எஸ். முகவரியை மாற்றியிருந்தார். தளத்தின் பெயரைத் தட்டினால் அது எங்கே இருக்கிறது என்று சொல்லும் வழிகாட்டி அது. வழிகாட்டியே கள்ளனுடைய ஆளாகிவிட்டால், சரியான பெயரைத் தட்டினாலும் பிழையான வீட்டுக்குத்தான் போவோம். பிரவுசர் கத்தியதும் அதற்காகத்தான்.

மருமகன் ரவுட்டரின் பின்துளையில் ஊசியால் அழுத்தி எல்லாவற்றையும் அழித்தான். மென்பொருளைப் புதுப்பித்து, நீளமான கடவுச்சொல் வைத்து, தொலைநிலை நிர்வாகத்தை நிறுத்தினான். திரும்பவும் தெருவுக்குப் போய் 8080ஐத் தட்டினோம், பக்கம் வரவில்லை. என் கடவுச்சொற்களையெல்லாம் வேறு இணைப்பிலிருந்து மாற்றினேன். வங்கிக்கு அறிவித்தேன், பொலிஸில் முறைப்பாடு கொடுத்தேன். பணம் இன்னும் வரவில்லை.

தம்பியிடம் கேட்டதற்கு, "எல்லாருக்கும் இப்படித்தான் அண்ணன் போடுகிறேன்" என்றார். ரவுட்டரின் அடியில் அவருடைய கடை ஸ்டிக்கர் இருந்தது. அதிலே பேனையால் அந்தப் பெயரும் கடவுச்சொல்லும். மாலை எங்கள் வரிசையிலுள்ள மருந்துக் கடைக்குப் போய் அவர்களுடைய ரவுட்டரைக் கவிழ்த்துக் காட்டச் சொன்னேன். அதே ஸ்டிக்கர், அதே பேனை எழுத்து. மருந்துக் கடைக்காரர் உடனே கதிரையை இழுத்துப் போட்டு, "மருமகன் போய்விட்டானா?" என்று கேட்டார்.